வௌவாலுக்கு நம்மிடமிருந்து கொரோனா தொற்றுமா?

மார்ச் 2, 2025

ஒரு வாசகர் கேட்டது, அப்படியே தருகிறேன்: "கொரோனா வைரஸே வௌவாலிடமிருந்து வந்தது என்கிறார்கள். அப்புறம் வௌவாலைப் பிடித்து அளக்கிற ஆய்வாளர்கள் ஏன் முகக்கவசம் போட்டுக்கொண்டு, நம்மிடமிருந்து அதற்குத் தொற்றிவிடக் கூடாது என்று பயப்படுகிறார்கள்? கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதையாக இருக்கிறதே."

கொல்லன் தெரு சரி. எந்தக் கொல்லன்? வௌவால்களில் 1,400 இனங்களுக்கு மேல் இருக்கின்றன. உலகத்துப் பாலூட்டி இனங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று வௌவால். சார்ஸ் வகையறா வைரஸ்கள் (கோவிட் வைரஸும் அந்த வகையறாதான்) பெரும்பாலும் கிடைப்பது ரைனோலோபஸ் என்கிற ஒரே பேரினத்தில். மூக்கைச் சுற்றிக் குதிரைலாடம் மாதிரி தோல்மடிப்பு இருக்கும், அதனால் குதிரைலாட வௌவால் என்று சொல்வோம். ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியாவில் உண்டு. அமெரிக்கக் கண்டங்களில் இந்தப் பேரினமே கிடையாது. அங்கே பறக்கிற பெரும் பழுப்பு வௌவாலின் வம்சமும் குதிரைலாட வௌவாலின் வம்சமும் பிரிந்து 5 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நாமும் குரங்குகளும் பிரிந்ததைவிடப் பழைய பாகப்பிரிவினை அது. ஒன்றுக்குப் பழகிய வைரஸ் மற்றதற்கும் பழகியிருக்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

மார்ச் 2, இரவு

"வௌவாலிடமிருந்து வந்தது" என்பதற்கே ஆதாரம் என்ன என்று இன்னொருவர் கேட்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன், இந்த இழை அதைப் பற்றியது அல்ல.

2003 சார்ஸின்போது முதலில் மாட்டியது மரநாய். சந்தையில் விற்கப்பட்ட மரநாய்களில் வைரஸ் இருந்தது. ஆனால் 2005இல் வந்த இரண்டு தனித்தனி ஆய்வுகள் சீனக் குதிரைலாட வௌவால்களில் அதன் உறவுக்கார வைரஸ்களைக் கண்டுபிடித்தன. கோவிட் வைரஸுக்கு வந்தால், யுன்னானில் 2013இல் எடுத்த மாதிரியிலிருந்து கிடைத்த ஆர்ஏடிஜி13 என்ற வைரஸ் மரபணு வரிசையில் 96.2 சதவீதம் ஒத்துப்போகிறது. லாவோஸில் கிடைத்த பனால்-52 இன்னும் நெருக்கம், 96.8. இரண்டுமே குதிரைலாட வௌவால்கள்தான், ஆனால் வெவ்வேறு இனங்கள். மிச்சமிருக்கிற சதவீதம் கேட்பதற்குச் சின்னதாகத் தோன்றினாலும் அது பல பத்தாண்டு காலப் பரிணாம இடைவெளி. நேரே இந்த வௌவாலிடமிருந்து நமக்கு வந்தது என்று யாராலும் விரல் நீட்ட முடியாது. மூதாதையின் வீடு எந்தப் பக்கம் என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

மார்ச் 3

சரி, ஊகம் போதும். நம்முடைய கோவிட் வைரஸை வௌவாலுக்குக் கொடுத்தே பார்த்திருக்கிறார்கள். மூன்று சோதனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என் வாதம் கிட்டத்தட்ட முடிந்துவிடும்.

ஜெர்மனியின் பிரீட்ரிக் லோஃப்லர் நிறுவனத்தில் எகிப்தியப் பழந்தின்னி வௌவால்கள் ஒன்பதின் மூக்கில் வைரஸை விட்டார்கள். ஏழுக்குத் தொற்றியது. கூடவே விட்ட மூன்று ஆரோக்கியமான வௌவால்களில் ஒன்றுக்குப் பரவியது. லேசான மூக்கழற்சி, அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. சில நாளில் அடங்கிவிட்டது. இது 2020.

அமெரிக்காவில் பெரும் பழுப்பு வௌவாலின் மூக்கிலும் தொண்டையிலும் விட்டார்கள். ஒன்றுமே ஆகவில்லை. வைரஸ் பெருகவில்லை, பரவவில்லை, எதிர்ப்புப் புரதம்கூட உருவாகவில்லை. கதவையே திறக்கவில்லை.

அதே நாட்டில் மெக்சிகோ டடாரிடா வௌவால்களில் செய்த சோதனை 2023இல் வெளிவந்தது. நேரடியாக வைரஸ் கொடுக்கப்பட்ட பத்தில் ஐந்துக்குத் தொற்றியது. வாய்வழியாக வைரஸை வெளியேற்றின, சில 18 நாள் வரைக்கும். நோய் அறிகுறி வெளியே தெரியவில்லை. கூட இருந்த மற்ற வௌவால்களுக்குப் பரவவும் இல்லை.

ஒன்றில் தொற்றிப் பரவியது, ஒன்றில் தொற்றவே இல்லை, ஒன்றில் பாதிக்குத் தொற்றி அங்கேயே நின்றது. "வௌவாலுக்குக் கொரோனா வருமா" என்கிற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே பதில் கேட்பவர்கள் இதை இன்னொரு தடவை படித்துவிட்டு வரவும்.

மார்ச் 3, மீண்டும்

பின்னிணைப்பு. மேலே உள்ள மூன்றில் ஒன்றுகூடக் குதிரைலாட வௌவால் இல்லை. வைரஸின் தாய்வீட்டில் சோதிக்காமல் பக்கத்து ஊர்களில் சோதித்துக்கொண்டிருப்பது ஏன்? காரணம் எளிது. குதிரைலாட வௌவாலைக் கூண்டில் வளர்ப்பது பெரும்பாடு. பறந்தபடியே பூச்சி பிடிக்கிற பிராணி, கிண்ணத்தில் வைக்கிற புழுவைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எகிப்தியப் பழந்தின்னிக்குப் பழத்தை வெட்டிப் போட்டால் போதும், கூட்டம் கூட்டமாகக் கூண்டில் வாழும், குட்டியும் போடும். ஆய்வகத்தில் எது பிழைக்குமோ அதைப் பற்றித்தான் நமக்கு அதிகம் தெரிந்திருக்கிறது. வௌவால் ஆராய்ச்சியில் இது ஒரு பழைய தலைவலி.

இதற்கு ஒரு மாற்றுவழி கண்டுபிடித்தார்கள். குதிரைலாட வௌவாலின் குடலிலிருந்து எடுத்த செல்களைக் கொண்டு ஆய்வகத்தில் குட்டிக் குடல் போன்ற திசு உருண்டைகளை வளர்த்து, அதில் கோவிட் வைரஸை விட்டார்கள். ஹாங்காங் குழு ஒன்று 2020இல் வெளியிட்டது. வைரஸ் நன்றாகப் பெருகியது. வைரஸுக்குத் தாய்வீட்டு வாசல் இன்னும் திறந்துதான் இருக்கிறது என்பதற்கு அது ஒரு சான்று. ஆனால் திசு உருண்டைக்கு நோயெதிர்ப்பு மண்டலம் கிடையாது. முழு வௌவாலில் என்ன ஆகும் என்பது வேறு விஷயம்.

மார்ச் 5

"இதற்கெல்லாம் எதற்குப் பிராணியைப் படுத்த வேண்டும், ஏற்பியின் வரிசையைக் கணினியில் போட்டால் தெரிந்துவிடாதா?" என்று ஒருவர்.

போட்டார்கள். கோவிட் வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் புரதம், அதாவது ஏற்பி, ஏசிஇ2. 2020இல் 410 முதுகெலும்பி இனங்களின் ஏசிஇ2வை மனிதனுடையதோடு ஒப்பிட்டு ஆபத்துப் பட்டியல் போட்டது ஓர் ஆய்வு. அதில் 37 வௌவால் இனங்கள் இருந்தன. ஒன்றுகூட நடுத்தர ஆபத்துக்கு வரவில்லை, எல்லாமே குறைவு அல்லது மிகக் குறைவு. வைரஸின் மூதாதை வாழ்ந்த விலங்குக் கூட்டமே பட்டியலின் அடியில்! அதே ஆண்டு பழந்தின்னி வௌவால் கூண்டில் அந்தப் பட்டியலுக்குக் கட்டுப்படாமல் தொற்று வாங்கிக்கொண்டது.

கணக்கு தப்பு என்று சொல்ல மாட்டேன். மனித ஏசிஇ2வோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பது வேறு, வைரஸால் பிடித்துக்கொள்ள முடியுமா என்பது வேறு. அடுத்த படியாக, 46 வௌவால் இனங்களின் ஏசிஇ2வைச் செல்களில் வெளிப்படுத்தி, வைரஸ் நுழைகிறதா என்று நேரடியாகப் பார்த்த ஆய்வு 2021இல் வந்தது. அதில் இனத்துக்கு இனம் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. 2003 சார்ஸ் வைரஸ் நுழைகிற இடத்தில் கோவிட் வைரஸ் நுழையாமல் இருப்பதும் உண்டு, தலைகீழாக நடப்பதும் உண்டு. ஏற்பியில் ஓரிரு அமினோ அமிலத்தை மாற்றினால் மூடிய கதவு திறக்கிறது.

இதையும் தாண்டி ஒரு சிக்கல். சீனக் குதிரைலாட வௌவால் என்கிற ஒரே இனத்துக்குள்ளேயே ஏசிஇ2 பல வடிவங்களில் இருக்கிறது. அதே குகையில் தொங்குகிற இரண்டு வௌவால்களில் ஒன்றுக்குத் தொற்றலாம், மற்றதற்குத் தொற்றாமல் போகலாம். வைரஸும் வௌவாலும் நீண்ட காலமாக மல்லுக்கட்டியதன் தழும்பு என்று இதைப் பார்க்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

மார்ச் 6

முகக்கவசம் கோமாளித்தனம் என்று திரும்பவும் எழுதியிருக்கிறார்கள். வௌவால் கணக்கெடுப்பில் கைவேலை செய்தவன் என்ற முறையில் வௌவாலைப் பிடித்து அளக்கிற மேசையில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

மெல்லிய நைலான் வலையில் சிக்கிய வௌவாலை விடுவிக்க முகத்தைக் கிட்டே கொண்டுபோகத்தான் வேண்டும். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் நூல் எந்த விரலைச் சுற்றியிருக்கிறது என்று தேட வேண்டும். வௌவால் வாயைப் பிளந்து கத்திக்கொண்டே இருக்கும், பாதிக் கத்தல் நமக்குக் கேட்கவே கேட்காது. நம் மூச்சு அதன் மூக்கில் படுகிற தூரம். பிறகு துணிப்பைக்குள் போட்டுத் தொங்கவிட வேண்டும். எடுத்து முன்கை எலும்பை அளந்து, எடை போட்டு, பஞ்சுக்குச்சியால் வாயில் ஒரு தடவு, ஆசனவாயில் ஒரு தடவு. அந்தக் குச்சியின் நுனி பூச்சியுண்ணி வௌவாலின் வாய்க்குள் நுழைவதே பெரும்பாடு. ஆட்டிக்கொண்டே இருக்கும் தலையைக் கட்டைவிரலால் மெதுவாக நிறுத்திப் பிடித்தால் குச்சியைக் கடித்துக்கொள்ளும், அதுவும் ஒரு வகையில் வசதிதான். கடைசியாகப் பையை உதறினால் அரிசிமணி அளவில் இரண்டு மூன்று புழுக்கை விழும். அதுவும் குப்பிக்குள் போகும்.

காட்டு வௌவாலின் வாழ்க்கையில் மனிதன் அவ்வளவு நெருங்குவது பெரும்பாலும் இந்த மாதிரிச் சந்தர்ப்பத்தில்தான். அதிலும் ஓர் இரவில் ஒரே ஆள் வரிசையாகப் பல வௌவால்களைக் கையில் எடுக்கிறார். இருமலோடு வந்த ஒருவர், "வௌவால்தானே, அதுக்கென்ன" என்று கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு வேலை பார்த்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது, யாரும் போய்ச் சோதிக்கவில்லை.

2020இல் வட அமெரிக்காவில் வௌவால் பிடிக்கும் பணிகளை நிறுத்திவைக்கச் சொன்னதும், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வௌவால் வல்லுநர் குழு "தொடர்பைக் குறை, ஆபத்தை எடைபோடு, காப்பு அணி" என்று வழிமுறை வெளியிட்டதும் இந்த மேசையை நினைத்துத்தான்.

மார்ச் 6

ஆமாம், கடித்தால் கையுறையையும் தாண்டி வலிக்கும். கேட்டவருக்கு.

மார்ச் 8

"வௌவாலுக்குக் காய்ச்சல் வந்தால் எப்படித் தெரியும்?" இது கேலிக்காகக் கேட்கப்பட்டது. ஆனால் நல்ல கேள்வி.

தெரியாது. பறக்கும்போது அதன் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நமக்கு அது ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற அளவு. குளிர்காலத் தூக்கத்தில் குகையின் வெப்பத்துக்குக் கிட்டத்தட்ட இறங்கிவிடும், சில டிகிரிதான். ஒரே பிராணி, ஒரே வருஷத்தில். இதில் எதைக் காய்ச்சல் என்று சொல்வது? வைரஸ் எதிர்ப்பில் வௌவால் கெட்டிக்காரத்தனம் காட்டுவதற்குப் பறத்தலின் வெப்பமே காரணம் என்று ஒரு கருதுகோள்கூட உண்டு. ஆனால் வைரஸ்கள் வௌவால் செல்களில் அந்த வெப்பத்திலும் பெருகுகின்றன என்று காட்டிய சோதனைகள் இருப்பதால் எனக்கு அதில் அவ்வளவு பிடிப்பில்லை.

அதைவிட உறுதியான விஷயம் அழற்சியைக் கட்டுப்படுத்துகிற விதம். நமக்குக் கோவிட் முற்றும்போது நுரையீரலைக் கெடுப்பதில் பெரும்பங்கு நம் உடலின் சொந்தக் கோபத்துக்கு. வௌவாலில் அந்தக் கோபத்தைக் கிளப்பும் சில விசைகள் பலவீனமாக இருக்கின்றன. வைரஸ் டிஎன்ஏவை உணரும் ஸ்டிங் புரதத்தில் ஓர் இடம் மாறியிருக்கிறது, அழற்சியைத் தூண்டும் என்எல்ஆர்பி3 மந்தமாக வேலை செய்கிறது. இன்னொரு பக்கம், ஆஸ்திரேலியாவின் கறுப்புப் பறக்கும் நரி என்கிற பெரிய பழந்தின்னி வௌவாலில், வைரஸ் வந்தால் செல்களை உஷார்ப்படுத்தும் இன்டர்ஃபெரான் ஆல்பா என்கிற புரதம் தொற்று இல்லாதபோதும் சன்னமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. எப்போதும் காவல் இருக்கிறது, கலவரம் இல்லை.

மார்ச் 8, கொஞ்சம் கழித்து

உடனே "அப்போ வௌவாலுக்கு எந்த நோயும் வராது" என்று ஒருவர் முடிவு கட்டிவிட்டார். ஐயா, பொறுங்கள். ரேபிஸ் வௌவாலைக் கொல்லும். டக்கரிபே என்றொரு வைரஸ் ஜமைக்கா பழந்தின்னி வௌவால்களைச் சோதனையில் கொன்றது. இதற்கெல்லாம் மேலே வெண்மூக்கு நோய். அது வைரஸ்கூட இல்லை, குளிர் விரும்பும் பூஞ்சை. 2006 குளிர்காலத்தில் நியூயார்க் மாநிலக் குகை ஒன்றில் முதலில் படம்பிடிக்கப்பட்டது, அதன்பின் வட அமெரிக்காவில் லட்சக்கணக்கான வௌவால்களை அழித்துவிட்டது.

அந்தப் பூஞ்சைக்கும் நம் விஷயத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. சிறு பழுப்பு வௌவாலின் குடலில் அதற்கே உரிய ஒரு கொரோனா வைரஸ் நிரந்தரக் குடித்தனம் நடத்துகிறது, தொந்தரவில்லாமல். வெண்மூக்கு பிடித்த வௌவால்களில் அந்த வைரஸின் அளவு சராசரியாக 60 மடங்கு அதிகம் என்று 2018இல் கனடா ஆய்வாளர்கள் காட்டினார்கள். சும்மா இருந்த வைரஸ், வௌவால் சோர்ந்ததும் கிளம்பிவிட்டது. சாப்பாடு குறைந்தாலும் தங்குமிடம் கலைந்தாலும் இதே போல நடக்குமா என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. இனத்தின் ஏசிஇ2 என்ன என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது பிடிபடாது.

மார்ச் 9

இதோடு சேர்த்து ஒன்று. ஜெர்மனியில் ஒரு வீட்டின் கூரைக்கடியில் பேறுகாலத்துக்குக் கூடும் பெரிய எலிக்காது வௌவால் கூட்டத்தைச் சில பருவங்கள் பின்தொடர்ந்தார்கள். தாய்கள் கூடிய புதிதில் கொரோனா வைரஸ் அளவு எகிறியது. பின் தணிந்தது. குட்டிகள் பிறந்தபின் மறுபடி எகிறியது, தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதம் குட்டிகளில் வற்றியதால் இருக்கலாம். கூட்டத்தின் இனப்பெருக்கம் இதனால் கெடவில்லை. ஆகவே "இந்த இனத்தில் இத்தனை சதவீதம் தொற்று" என்று எங்காவது படித்தால், எந்த மாசம் எடுத்த மாதிரி என்று கேளுங்கள். கோடையில் ஒரு பதில், இலையுதிர்காலத்தில் வேறு பதில்.

மார்ச் 11

எண்கள் கேட்டவருக்கு. 20 நாடுகளில் 12,000க்கு மேற்பட்ட வௌவால்களைச் சோதித்த பெரிய ஆய்வு 2017இல் வந்தது. அவற்றில் 8.6 சதவீதத்தில் ஏதாவது ஒரு கொரோனா வைரஸ். இந்தியாவில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட ஆய்வில் கேரளம், தமிழ்நாடு, புதுச்சேரி, இமாசலப் பிரதேசத்துப் பழந்தின்னி வௌவால்கள் 25இல் கொரோனா வைரஸ் இருந்தது. கோவிட் வைரஸ் இல்லை, வௌவால்களுக்கே உரிய வேறு வைரஸ்கள். அந்தச் செய்தி வந்தபோது தலைப்பைப் பார்த்துவிட்டுப் பழந்தின்னி தங்கிய மரங்களை வெட்டச் சொன்னவர்களை எனக்குத் தெரியும். தலைப்புக்குக் கீழேயும் எழுத்து இருந்தது.

இந்த மாதிரி ஆய்வுகளில் செய்கிற பிசிஆர் சோதனையில் கிடைப்பது வைரஸின் ஆர்என்ஏ துண்டு. உயிரோடு, பிறருக்குத் தொற்றக்கூடிய வைரஸை எச்சத்திலிருந்து பிரித்தெடுத்து வளர்ப்பது அபூர்வம். 2013இல் டபிள்யூஐவி1 என்ற வைரஸை அப்படிப் பிரித்தெடுத்தது பெரிய செய்தியாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

மார்ச் 12

மான் விஷயத்தை யாரோ கொண்டுவந்துவிட்டார்கள், நல்லது. அமெரிக்காவின் சில மாநிலங்களில் 2021இல் எடுத்த வெண்வால் மான் ரத்த மாதிரிகளில் 40 சதவீதத்தில் கோவிட் வைரஸுக்கான எதிர்ப்புப் புரதம். மனிதனிடமிருந்து மானுக்குப் போய், மானுக்கும் மானுக்கும் பரவியிருக்கிறது. மானின் ஏசிஇ2 நம்முடையதோடு நன்றாக ஒத்துப்போகிறது, மேலே சொன்ன பட்டியலிலும் மான் உயர்ந்த இடத்தில்தான் இருந்தது. அங்கே கணினி சரியாகச் சொன்னது. முதலில் சந்தேகத்துக்கு ஆளான வௌவாலைவிட, யாரும் கண்டுகொள்ளாத மான்தான் நம் வைரஸைச் சுலபமாக வாங்கிக்கொண்டது. "விலங்குகளுக்குத் தொற்றாது" என்றும் சொல்ல முடியாது, "வௌவாலுக்குத்தான் முதலில் தொற்றும்" என்றும் சொல்ல முடியாது.

மார்ச் 15

ஏசிஇ2 மட்டும்தான் வாசல் என்று நினைத்துவிட வேண்டாம். மத்தியக் கிழக்கில் பரவிய மெர்ஸ் என்கிற இன்னொரு கொரோனா வைரஸ் டிபிபி4 என்கிற வேறொரு புரதத்தைப் பிடிக்கும். ஜமைக்கா பழந்தின்னி வௌவாலில் மெர்ஸை விட்டபோது பெருகியது, நோய் வரவில்லை. பிறகு 2022இல் ஒரு திருப்பம்: மெர்ஸின் நெருங்கிய உறவான நியோகோவ், டிபிபி4ஐ விட்டுவிட்டு வௌவால்களின் ஏசிஇ2வைப் பிடிக்கிறது என்று தெரிந்தது. 2025 பிப்ரவரியில் இன்னொன்று. பிபிஸ்ட்ரெல் வௌவால்களில் இருக்கும் எச்கேயூ5 வைரஸின் ஒரு புதிய கிளை மனித ஏசிஇ2வையும் பிடிக்கிறதாம். ஒரே குடும்பத்து வைரஸ்கள் வாசலை மாற்றி மாற்றிப் புகுந்துகொள்கின்றன.

என் உண்மையான கவலை இங்கேதான். நம் வைரஸ் வௌவாலைக் கொன்றுவிடும் என்று நான் பயப்படவில்லை. ஏற்கெனவே சொந்தக் கொரோனா வைரஸைச் சுமக்கிற ஒரு வௌவாலில் நம்முடையதும் போய் இறங்கினால், ஒரே செல்லில் இரண்டும் மரபணுத் துண்டுகளை மாற்றிக்கொள்ளலாம். கொரோனா வைரஸ்களுக்கு அது கைவந்த கலை. நடக்கும் என்று சொல்லவில்லை. நடக்கிற வாய்ப்பைக் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.

மார்ச் 16

வீட்டுக் கூரையில் வௌவால் தங்கியிருக்கிறது, விரட்டவா என்று தனியாகக் கேட்டவருக்கு: கொரோனாவுக்காக விரட்ட வேண்டாம். கீழே விழுந்து கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், அது ரேபிஸுக்காக. கலைத்துவிட்ட கூட்டம் எங்கோ இன்னொரு இடத்தில் நெருக்கியடித்துப் போய்ச் சேரும். நெருக்கடியில் என்ன ஆகும் என்று 8, 9 தேதிக் குறிப்புகளில் இருக்கிறது.

மார்ச் 19

முதல் கேள்வி கேட்டவர் மடக்கியிருக்கிறார்: "டடாரிடா வௌவாலில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவவில்லை என்று நீங்களே எழுதினீர்கள். அப்படியானால் அந்த இனத்தைப் பற்றிக் கவலைப்பட என்ன இருக்கிறது?"

கூண்டில் பரவவில்லை. கூண்டில் இருந்தது சில வௌவால்கள். டெக்சாஸின் பிராக்கன் குகையில் கோடையில் இதே இனம் ஒன்றரைக் கோடிக்கு மேல் கூடுகிறது. தாய்கள் வெளியே போகும்போது குட்டிகளை மொத்தமாக ஒட்டி வைத்துவிட்டுப் போகும், சுவரில் ஒரு சதுர அடிக்குள் நூற்றுக்கணக்கில், ரோமமில்லாத இளஞ்சிவப்புக் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று. பாதிக்குத் தொற்றி, பதினெட்டு நாள் வரை வாயிலிருந்து வைரஸ் வெளியேறும் ஓர் இனத்துக்கு, அந்தச் சுவரும் சோதனைக் கூண்டும் ஒன்றா? அங்கே பரவும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். பரவாது என்று நீங்கள் கட்டுவதாக இருந்தால், அந்தக் குகைக்குள் வேலைக்குப் போகிறவரின் முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லிக் கேட்க உங்களுக்கு அந்தக் கூண்டைவிடப் பெரிய ஆதாரம் வேண்டும்.